‘படம் பார்க்கிறதுக்கு ஒரு பாடமா?’

கல்லூரியில் சினிமாவைத் துணைப்பாடமாக எடுக்க நினைக்கும் மாணவரை வீட்டில் மறிக்கும் கேள்வி இது. கல்லூரிக்குள் போனால் இதே கேள்வி சற்று நாகரிகமாக வரும்: “படிப்பதென்றால் முழுசாகப் படி. விஸ்காம் சேர், இல்லையென்றால் தரமணிக்கோ பூனாவுக்கோ விண்ணப்பம் போடு. வரலாற்றை மேஜராக வைத்துக்கொண்டு சினிமாவை அலைடாகப் படிப்பது பாதிக் கிணறு தாண்டுகிற வேலை.” கோடம்பாக்கத்தில் மூன்றாவது குரல் ஒன்று காத்திருக்கிறது: “சினிமாவெல்லாம் கிளாஸ்ல வராது தம்பி, யூனிட்லதான் வரும்.”

பெற்றோருக்குச் சினிமா படிக்கத் தகாத பொருள். பேராசிரியருக்கு அது அரைகுறையாகப் படிக்கத் தகாத பொருள். சினிமாக்காரருக்கு அது படித்து வராத பொருள். நிற்கும் இடம் வேறுவேறாக இருந்தாலும் மூவரும் வந்து சேரும் முடிவு ஒன்று: துணைப்பாடமாகச் சினிமா வீண். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இந்த முடிவு ஏறத்தாழ விவாதமே இல்லாமல் ஏற்கப்பட்டுவிட்டது. அதை ஏற்க முடியாது. பெரும்பாலான மாணவர்களுக்குச் சினிமாவைப் படிக்கச் சரியான வழியே அதைத் துணைப்பாடமாகப் படிப்பதுதான் என்பது என் கட்சி.

துணைப்பாடம் எதற்காக இருக்கிறது? வேதியியல் மாணவர் கணிதத்தை அலைடாகப் படிக்கிறார். அவர் கணித அறிஞராகப் போகிறாரா என்று யாரும் கேட்பதில்லை. பொருளியல் மாணவர் புள்ளியியல் படிக்கிறார். புள்ளியியல் துறையில் வேலை வாங்கித் தருவீர்களா என்று எந்தத் தந்தையும் முதல்வர் அறைக்குப் போய் நின்றதில்லை. ஆங்கில இலக்கிய மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கிலாந்தின் சமூக வரலாற்றை அலைடாகப் படித்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் இங்கிலாந்தைக் கண்ணால் கண்டிருப்பார்கள்? ஆனாலும் அந்தப் படிப்பை யாரும் வீண் என்று சொல்லவில்லை, ஏனென்றால் டிக்கன்ஸை வாசிக்க அது உதவியது. பிரதான பாடத்துக்கு இன்னொரு கண் கொடுப்பது, மாணவர் வாழும் உலகத்தை அந்தப் பாடத்தோடு பிணைப்பது: துணைப்பாடத்தின் வேலை இவ்வளவுதான். இந்த அளவுகோலை மற்ற எல்லாப் பாடங்களுக்கும் வைத்துவிட்டு, சினிமாவுக்கு மட்டும் ‘படம் எடுக்க வருமா, வேலை கிடைக்குமா’ என்ற தனி அளவுகோலை எடுப்பது நேர்மையான வாதமாகாது.

பாதிக் கிணறு என்பதும் பொருந்தாத உவமை. அக்கரை போய்ச் சேர வேண்டியவருக்குத்தான் பாதித் தாண்டல் ஆபத்து. ஒளிப்பதிவாளராகவோ படத்தொகுப்பாளராகவோ ஆக விரும்புகிறவர் அக்கரை போக வேண்டியவர். அவர் தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்துக்கோ, 1960இல் பூனாவில் பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கப்பட்ட திரைப்பட நிறுவனத்துக்கோ போகட்டும், போகத்தான் வேண்டும். துணைப்பாட மாணவர் கிணறு தாண்ட வந்தவர் அல்லர், தண்ணீர் எடுக்க வந்தவர்.

இந்தத் துணைப்பாடத்தின் அளவு என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம், மூன்றாண்டுப் படிப்பின் 120 கிரெடிட்டில் 24ஐத் துணைப்பாடத்துக்கு ஒதுக்குகிறது; நான்காண்டுப் படிப்பின் 160இல் 32. தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அந்த அரசியல் விவாதத்துக்குள் இங்கே நுழையத் தேவையில்லை, ஏனென்றால் அலைடு என்ற ஏற்பாடு அந்தக் கொள்கைக்கு வெகுகாலம் முன்பே நம் கல்லூரிகளில் இருக்கிறது. தாளுக்கு 4 கிரெடிட் என்று வைத்தால் 24 கிரெடிட்டில் 6 தாள் வரும். இந்த ஆறு தாளால் ஒருவர் இயக்குநர் ஆகமாட்டார். ஆனால் சினிமாவைப் பற்றிப் பொறுப்போடு ஒரு கேள்வி கேட்கவும் அதற்குச் சான்று தேடவும் அந்த ஆறு தாள் போதும்.

அப்படிக் கேட்டவர்கள் யார் என்று பார்த்தால் என் வாதத்தின் மையம் விளங்கும். தமிழ் சினிமாவைப் பற்றி எழுதப்பட்ட முக்கியமான நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ 1981இல் வந்தது. நாடகமும் சினிமாவும் தேசிய இயக்கத்தின் செய்தியை எப்படிச் சுமந்தன என்று ஆவணங்களைத் தோண்டிக் காட்டிய நூல். எழுதிய சு. தியடோர் பாஸ்கரன் வரலாறு படித்தவர். அஞ்சல் துறை அதிகாரியாக இருந்தவர். அதே 1981இல் தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து சிறு நூல் எழுதிய கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்ப் பேராசிரியர். பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். 1992இல் வந்த ‘தி இமேஜ் ட்ராப்’ எம்.ஜி.ஆரைப் பற்றிய எந்த விவாதத்திலும் தவிர்க்க முடியாத நூல். அதன் ஆசிரியர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் பொருளியலாளர்; நாஞ்சில் நாட்டின் வேளாண் பொருளாதாரத்தைப் பற்றி ஆய்வு செய்தவர். மதுரையில் தங்கி, நகர்ப்புற ஏழைகள் சினிமாவை எப்படிப் பார்க்கிறார்கள் என்று 1993இல் நூல் எழுதிய சாரா டிக்கி மானுடவியலாளர்.

இவர்களில் ஒருவருக்கும் சினிமா பிரதான பாடம் அல்ல. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஏழைகள் மீது வரிச்சுமையை ஏற்றிய எம்.ஜி.ஆர். ஆட்சியை அந்த ஏழைகளே ஏன் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி, வரவு செலவுக் கணக்கைப் படிக்கத் தெரிந்த ஒருவருக்குத்தான் எழும். அதற்கு விடை தேடிப் படக்காட்சிகளுக்குள் போக, படத்தைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே தலையில் சேர்ந்ததால் பாண்டியனின் நூல் பிறந்தது. சினிமா மட்டும் தெரிந்தவரால் அதை எழுதியிருக்க முடியாது; பொருளியல் மட்டும் தெரிந்தவராலும் முடியாது. இந்த அறிஞர்கள் தாமே முயன்று தேடிக்கொண்ட இரண்டாவது கண்ணை, கல்லூரி ஆறு தாளில் எல்லோருக்கும் தரலாம் என்பதுதான் துணைப்பாடத்துக்கான வாதம்.

ஒவ்வொரு துறைக்கும் சினிமாவில் செய்ய வேலை கிடக்கிறது.

சட்டம் படிக்கும் மாணவரை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் கருத்துச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளில் ஒன்று எஸ். ரங்கராஜன் வழக்கு. இட ஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. எதிர்ப்பாளர்கள் கலவரம் செய்வார்கள் என்று சொல்லி அரசு கையை விரிக்க முடியாது, சட்டம் ஒழுங்கைக் காப்பது அதன் கடமை என்றது. அந்தப் படத்தின் கருத்தோடு ஒருவர் முழுக்க முரண்படலாம், நானும் முரண்படுகிறேன். ஆனால் படத்தைப் பார்க்காமல், அதன் பாத்திரங்கள் என்ன சொல்கின்றன, படம் என்ன சொல்கிறது என்று பிரித்தறியத் தெரியாமல், அந்தத் தீர்ப்பை எப்படி எடைபோடுவது? பாத்திரத்தின் பேச்சு படத்தின் வாக்குமூலம் ஆகுமா என்பது சட்டக் கேள்வியாகவும் இருக்கிறது, சினிமாக் கேள்வியாகவும் இருக்கிறது. தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்ட பிறகு இத்தகைய வழக்குகள் நேராக உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகின்றன. அங்கே வாதாடப் போகிறவர்கள் இன்று சட்டக் கல்லூரியில் இருக்கிறார்கள்.

வேதியியல் மாணவருக்குச் சினிமா எதற்கு? தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. இன்று அதன் பிரதி இல்லை. ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இல்லை. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்களில் எஞ்சியிருப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். இவை எங்கே போயின? பழைய நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றும், தானாகவே சிதையும். பின்னால் வந்த அசிடேட் ஃபிலிமும் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் புளித்து வினிகர் வாடை அடித்துச் சுருங்கிப்போகும். மிஞ்சியதில் எவ்வளவோ வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டது. 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பூனாவில் தொடங்கும் முன்பே பெரும்பகுதி போய்விட்டது. இருப்பதைக் காப்பாற்றுவது முழுக்க வேதியியல் வேலை. ஆனால் எதை முதலில் காப்பாற்றுவது, ஒரு ரீலின் மதிப்பு என்ன என்று தெரிய சினிமா வரலாறு தெரிய வேண்டும்.

பொருளியல், வணிகவியல் மாணவர்களுக்கு இங்கே ஓர் ஆய்வுக்களமே திறந்து கிடக்கிறது. தமிழ்நாட்டு வருவாய் மாவட்டங்கள் எத்தனையோ முறை பிரிக்கப்பட்டுவிட்டன. பட விநியோகத்தில் இன்னமும் ஏரியா என்றால் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்த என்.எஸ்.சி., மதுரை – ராம்நாடு, திருநெல்வேலி – கன்னியாகுமரி என்றுதான் பேச்சு. மினிமம் கியாரண்டி, ஷேர், கிராஸ் என்று விநியோகஸ்தர் பேசும் கணக்கு எந்தப் பாடநூலிலும் இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்தபோது திரையரங்குகள் மூடப்பட்டன. 2018 மார்ச்சில், டிஜிட்டல் திரையிடலுக்கு வாங்கப்படும் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் ஏறக்குறைய ஒன்றரை மாதம் புதுப்படங்களை நிறுத்தினார்கள். ஒரு தொழில் முழுவதும் ஏன் நின்றது என்று எத்தனை பொருளியல் துறைகள் எழுதிப் பார்த்தன? ‘முதல் நாள் வசூல் இத்தனை கோடி’ என்ற போஸ்டரைச் சந்தேகத்தோடு பார்க்கக் கற்ற ஒரு பி.காம். மாணவர் அந்தத் தொழிலுக்கே உபகாரி.

தமிழ் மாணவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைப் படித்தவர் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்க’ளைப் பார்க்கும்போது, கதையிலிருந்து ஓர் இழையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் இயக்குநர் எவ்வளவு தூரம் போகலாம் என்று அளந்து பார்க்க முடியும். பூமணியின் ‘வெக்கை’ ‘அசுரன்’ ஆனபோது எது கூடியது, எது குறைந்தது, ஏன்? சந்தைக்காகக் கூடியதா, காலத்துக்காகக் கூடியதா? ஜெயகாந்தன் தன் கதையைத் தானே ‘உன்னைப்போல் ஒருவன்’ என்று படமாக எடுத்தார். தமிழ் எம்.ஏ. படித்து முடிப்பவர்களில் எத்தனை பேர் அதை இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியாகப் பார்த்திருப்பார்கள்?

கோடம்பாக்கத்தின் குரலுக்கு இப்போது வருகிறேன். சினிமா யூனிட்டில்தான் வரும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. கிளாப் அடிப்பதும், நடிகரை வேலை வாங்குவதும், வெளிச்சம் போவதற்குள் ஷாட்டை முடிப்பதும் வகுப்பறையில் வராது. ஆனால் யூனிட்டில் வருவது படம் எடுக்கும் திறமை. துணைப்பாடம் தருவது படத்தைப் படிக்கும் திறமை. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறுப்பது பொருந்தாது.

அந்தப் பாதி உண்மைக்கும் வரம்பு உண்டு. தமிழ் சினிமாவின் தொடக்க காலத்தில் கேமராவை நகர்த்தக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன். அவர் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். கூடப் படித்த இந்தியர் மாணிக் லால் டாண்டன் அழைத்து 1935இல் இந்தியா வந்தார். எம்.ஜி.ஆரின் முதல் படம் ‘சதி லீலாவதி’ (1936), எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘சகுந்தலை’, ‘மீரா’, கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’ (1950) எல்லாம் அவர் இயக்கியவை. தமிழ் தெரியாத அவர் கையோடு கொண்டுவந்தது பல்கலைக்கழக வகுப்பறையில் கற்றதைத்தான். வகுப்பறையில் சினிமா வராது என்று சொல்லும் தொழிலின் அஸ்திவாரத்திலேயே ஒரு வகுப்பறை இருக்கிறது. பாலு மகேந்திரா பூனாவில் படித்தவர். ‘அவள் அப்படித்தான்’ எடுத்த ருத்ரய்யாவும் 1986இல் ‘ஊமை விழிகள்’ எடுத்த குழுவும் சென்னைத் திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள்.

“பாலசந்தர் படித்தாரா, மணி ரத்னம் படித்தாரா?” என்று பதிலுக்குக் கேட்பார்கள். பாலசந்தர் அறிவியல் பட்டதாரி, ஏ.ஜி. ஆபீஸ் ஊழியர். மணி ரத்னம் நிர்வாகவியல் படித்தவர். வெற்றிமாறன் லயோலாவில் ஆங்கில இலக்கியம். மாரி செல்வராஜ் சட்டக் கல்லூரி. இந்தப் பட்டியல் எனக்கு எதிரானது அல்ல, எனக்கே சாட்சி. வேறு ஒரு துறையிலிருந்து, வேறு ஒரு வாழ்க்கையிலிருந்து எதையோ கொண்டுவந்தவர்கள்தான் சினிமாவுக்குப் புதிதாகச் சொல்ல விஷயம் வைத்திருந்தார்கள். அந்தத் துறைக்கும் சினிமாவுக்கும் இடையிலான பாலத்தை ஒவ்வொருவரும் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. கட்ட முடிந்தவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஊதியம் என்ற பேச்சே இல்லாமல் வருடக்கணக்கில் டிஸ்கஷனில் உட்கார வசதியில்லாமல் ஊர் திரும்பிய உதவி இயக்குநர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. ‘யூனிட்டில் கற்றுக்கொள்’ என்ற அறிவுரை, சென்னையில் அறை வாடகைக்கு வழியுள்ளவருக்கு மட்டும் சொல்லப்படும் அறிவுரை. அரசுக் கல்லூரியின் துணைப்பாடத் தாளுக்கு அந்தத் தடை கிடையாது.

அடுத்து, மதிப்பெண் குற்றச்சாட்டு. படம் போட்டுப் பார்த்துவிட்டுக் கதைச் சுருக்கம் எழுதினால் பாஸ் என்கிறார்கள். அப்படி நடத்தப்படும் வகுப்புகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கவிதையை வாசித்துவிட்டுக் கோனார் உரையை ஒப்பிக்கும் வகுப்புகளும் உண்டு. அதற்காக யாரும் கவிதையைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கச் சொல்லவில்லை. ஒழுங்காக நடத்தினால் இது எளிய பாடமே அல்ல. ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியை எடுத்துக்கொண்டு, வசனத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு ஷாட்டாக எழுதிப் பாருங்கள். கேமரா யார் அருகில் நிற்கிறது? கேட்பவர்களின் முகம் எப்போது வருகிறது? பேச்சின் எந்த இடத்தில் வெட்டு விழுகிறது? குரலும் முகமும் எங்கே பிரிகின்றன? நூறு முறை கேட்ட வசனம் நம்மை எப்படிப் பிடித்து வைத்தது என்பது அப்போதுதான் பிடிபடும். அதை ஐந்து பக்கத்தில் சான்றோடு எழுதச் சொன்னால், மதிப்பெண்ணுக்காகச் சேர்ந்தவர் இரண்டாவது வாரமே வேறு தாள் தேடிப் போவார்.

இந்தப் பயிற்சி சினிமாவோடு நிற்பதில்லை. ரஷ்ய ஆசிரியர் லெவ் குலஷோவ் நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். முகம் மாறவே இல்லை. அருகில் வைத்த படம்தான் மாறியது. இன்று நம் கைப்பேசிக்கு வரும் ஒவ்வொரு கட்சி வீடியோவும், ஒவ்வொரு சாதிப் பெருமை ரீலும் இந்த வித்தையைத்தான் செய்கிறது. ஓர் ஊர்வலத்தின் பத்து நொடியோடு வேறு எங்கோ எடுத்த அழுகையின் ஐந்து நொடியை ஒட்டினால் ஒரு கலவரத்துக்குப் போதும். எழுத்தை வாசிக்கப் பதினைந்து ஆண்டு கற்றுக்கொடுக்கும் நாம், பார்ப்பதை வாசிக்க ஒரு மணி நேரமும் ஒதுக்குவதில்லை.

“யூடியூபில்தான் எல்லாம் இருக்கிறதே” என்பார்கள். விமர்சனம் இருக்கிறது, முதல் காட்சி முடிவதற்குள் வந்துவிடுகிறது. இல்லாதது, சொன்னதற்கு ஆதாரம் கேட்கும் ஆசிரியர், ‘நான் அப்படிப் பார்க்கவில்லை’ என்று எழுந்து நிற்கும் சக மாணவர், தன் கருத்தைத் திருத்தி மறுபடி எழுத வேண்டிய கட்டாயம். தகவலைக் கைப்பேசி தரும். வகுப்பறை தர வேண்டியது இந்த மூன்றையும்.

எல்லாவற்றிலும் பழைய எதிர்ப்பு ஒன்று மீதமிருக்கிறது. “தமிழன் ஏற்கெனவே சினிமாவில் மூழ்கிக் கிடக்கிறான், கல்லூரியிலாவது அது இல்லாமல் இருக்கட்டும்.” இந்த அருவருப்புக்கு மரியாதையான பரம்பரை உண்டு. 1927இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த இந்தியத் திரைப்படக் குழு காந்திக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. தான் சினிமாவுக்கே போனதில்லை, அதன் தீமை வெளியாளுக்கும் தெரிகிறது, நன்மைதான் இனி நிரூபிக்கப்பட வேண்டும் என்ற பொருளில் அவர் பதில் எழுதினார். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் தலைவர்கள் பலர் அந்த மனநிலையிலேயே நின்றார்கள். ‘கூத்தாடிகள்’ என்ற ஒரு சொல்லே போதும் என்று நினைத்தார்கள். 1949இல் ‘வேலைக்காரி’, 1952இல் ‘பராசக்தி’ என்று மக்கள் எதைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள் என்று உட்கார்ந்து கவனித்திருந்தால், 1967 தேர்தல் தோல்வி அவர்களுக்கு அத்தனை அதிர்ச்சியாக இருந்திருக்காது. அந்த ஆண்டு ஜனவரியில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் கிடந்த எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். வெறுப்பு எதிரியைப் புரிந்துகொள்ள உதவவில்லை. இன்றும் உதவாது.

சினிமா மோகத்துக்கு மருந்து சினிமாவைப் பற்றிப் பேசாமல் இருப்பது என்று நினைக்கும் அதே கல்லூரிகள், ஆண்டு விழாவுக்கு நடிகரை அழைக்கின்றன; பாடல் வெளியீட்டுக்கு அரங்கத்தைக் கொடுக்கின்றன; நாயகன் மேடையேறும்போது மாணவர்கள் அலறுவதை வீடியோ எடுத்து விளம்பரமாகப் போடுகின்றன. நட்சத்திரம் வாசல் வழியாக வரலாம், பாடம் மட்டும் வரக்கூடாது. மோகத்தை வளர்ப்பது எது, தணிப்பது எது என்று அவர்களே சொல்லட்டும்.

ஆசிரியர் இல்லை, வசதி இல்லை என்ற கடைசி வாதம்தான் கவனிக்கத் தக்கது. சினிமாவைப் பாடமாக நடத்தப் பயிற்சி பெற்றவர்கள் நம் கலைக் கல்லூரிகளில் குறைவு என்பது உண்மை. ஆனால் வழி இல்லாமல் இல்லை. ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 1993இல் திரைப்பட ஆய்வுக்குத் தனித் துறை தொடங்கிவிட்டது. நமக்குத் தனித் துறைகூட வேண்டாம். தமிழ், வரலாறு, பொருளியல் ஆசிரியர்கள் மூவர் தாள்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம். திரையிட உரிமை வேண்டுமே என்றால், ஆசிரியரும் மாணவரும் மட்டும் அமர்ந்து கல்விக்காகப் படம் பார்ப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உரிமை மீறலாகக் கருதுவதில்லை. திரைப்படத்தின் பதிப்புரிமை 60 ஆண்டுதான். படம் என்ற அளவில் 1964 வரை வெளிவந்தவை எல்லாம் அந்த வரம்பைத் தாண்டிவிட்டன. ஆவணம் வேண்டுமென்றால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்கள் காத்திருக்கின்றன. தமிழ்ப் படங்களின் விவரங்களை ஆண்டுவாரியாகத் திரட்டி வைத்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஒரு பல்கலைக்கழகமும் அல்ல, ஒரு துறையும் அல்ல, தனி மனிதர். ஒருவர் செய்ததை ஒரு கல்லூரி செய்ய முடியாது என்பது சாக்கு.

எந்தத் துணைப்பாடமும் நல்லது என்று நான் சொல்லவில்லை. மாணவர் கையில் கேமராவைக் கொடுத்துக் குறும்படம் எடுக்கச் சொல்லிவிட்டு, சேர்க்கை விளம்பரத்தில் ‘ஃபிலிம்’ என்று போட்டுக்கொள்ளும் தாள் எனக்கும் வேண்டாம். வேண்டியது இப்படி இருக்கலாம்: படத்தை ஷாட் ஷாட்டாகப் படிக்க ஒரு தாள், தமிழ் சினிமாவின் வரலாறு ஒன்று, உலக சினிமாவும் பிற இந்திய மொழிப் படங்களும் ஒன்று, தணிக்கை, வரி, விநியோகம் ஒன்று, இலக்கியமும் திரையும் ஒன்று, கடைசியாக, மாணவர் தன் மேஜர் பாடத்தின் கேள்வி ஒன்றைத் தன் ஊர்த் திரையரங்கிலோ, தன் மாவட்டத்தின் பழைய டூரிங் டாக்கீஸ் வரலாற்றிலோ தேடி எழுதும் ஆய்வேடு. அத்தகைய ஆய்வேட்டுக்குக் கோவை மாணவருக்கு ஊரிலேயே பொருள் இருக்கிறது. ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார்.

வேலை கிடைக்குமா என்ற பெற்றோரின் கேள்விக்கு நேரான பதில்: இந்த ஆறு தாளுக்காக மட்டும் யாரும் வேலை தரமாட்டார்கள். எந்த அலைடு பாடத்துக்காகவும் தந்ததில்லை. வேலையை மேஜர் பார்த்துக்கொள்ளும். மேஜரோடு சினிமாவும் தெரிந்த வழக்கறிஞர், பத்திரிகையாளர், ஆவணக் காப்பாளர், பள்ளி ஆசிரியர் எவரும் தம் வேலையை இன்னும் நன்றாகச் செய்வார்.

பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை துணைப்பாடப் பட்டியல் மேசைக்கு வரும்போது சினிமாவை ‘பொழுதுபோக்கு’ என்று சொல்லி ஒதுக்காதீர்கள். 1967க்கும் 2016க்கும் இடையில் அண்ணாதுரை, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என்று ஐந்து முதலமைச்சர்கள் சினிமாவிலிருந்து இந்த மாநிலத்துக்கு வந்தார்கள். அந்தச் சினிமாவைப் படிக்க ஆறு தாள் ஒதுக்க முடியாது என்று சொல்ல நம் கல்லூரிகளுக்கு ஒரு நியாயமும் இல்லை.